புளூபேர்டு கே7: எஞ்சின் மாற்றமும் மீட்பும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2001 மார்ச் 8. இங்கிலாந்தின் வடமேற்கே ஏரி மாவட்டத்தில் உள்ள கொனிஸ்டன் ஏரியிலிருந்து ஒரு நீலநிற உலோக உடலைக் கரைக்கு இழுத்தார்கள். ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில், சேற்றில், 34 ஆண்டு கிடந்த உடல் அது. காற்று உறிஞ்சும் வாய்களுக்கு முன்னால் இருந்த பகுதி முழுவதும் பிய்ந்து போயிருந்தது. ஆனால் நீல வண்ணம் போகவில்லை. வால் துடுப்பில் தீட்டிய பிரிட்டன் கொடியும் கண்ணுக்குத் தெரிந்தது.

டொனால்டு கேம்பல் ஓட்டிய புளூபேர்டு கே7 அது. ஏழு முறை உலகத் தண்ணீர் வேகச் சாதனை படைத்து, எட்டாவது முயற்சியில் ஓட்டியவரோடு மூழ்கிப்போன ஜெட் படகு.

பழைய வேகப்படகு ஒன்றைச் சீர்செய்து, அதற்கு வேறு எஞ்சின் பொருத்தி ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்குக் கே7-ஐ விடப் பெரிய பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்தப் படகின் வாழ்க்கையில் எஞ்சின் மாற்றம் இரண்டு முறை நடந்தது. 1966-ல் கேம்பலே கூடுதல் வேகத்துக்காக மாற்றினார். பிறகு மீட்புக் குழு, படகு மறுபடி ஓட வேண்டும் என்பதற்காக மாற்றியது. முதல் மாற்றத்தில் எஞ்சினைச் சுற்றியிருந்த ஒவ்வொரு பாகமும் எப்படி எதிர்வினை காட்டியது என்பதைத்தான் இந்த ஆய்வில் அதிகம் பார்க்கப் போகிறோம். படகில் எஞ்சினை மட்டும் தனியாக மாற்ற முடியாது. அதைக் கே7 அளவுக்குத் தெளிவாகக் காட்டிய படகு வேறில்லை.

எந்தக் கணக்கில் பிறந்தது

டொனால்டின் தந்தை சர் மால்கம் கேம்பல் தரையிலும் தண்ணீரிலும் வேகச் சாதனைகள் படைத்தவர். 1939 ஆகஸ்டில் இதே கொனிஸ்டன் ஏரியில் புளூபேர்டு கே4 படகில் மணிக்கு 141.74 மைல் வேகம் தொட்டார். போருக்குப் பிறகு, 1947-ல், கே4-க்கு டி ஹாவிலண்டு காப்ளின் ஜெட் எஞ்சின் வைத்துப் பார்த்தார். புரொப்பெல்லரால் தள்ளப்படுவதற்காக வரையப்பட்ட உடல் அது, ஜெட்டுக்கு ஒத்துவரவில்லை. ஓட்டத்தில் நிலைகொள்ளாமல் ஆடியது. 1948-ல் மால்கம் இறந்த பிறகு, டொனால்டு அதே படகில் பழைய ரோல்ஸ்-ராய்ஸ் ஆர் பிஸ்டன் எஞ்சினைத் திரும்பப் பொருத்தினார். 1951-ல் அது கொனிஸ்டனில் சேதமாகி மூழ்கியது. அந்தக் குடும்பத்துக்கு எஞ்சின் மாற்றம் தரும் தலைவலி அப்போதே பழக்கம்.

அடுத்த ஆண்டு, 1952 செப்டம்பர் 29-ல், ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் ஜான் காப் தன் குரூசேடர் ஜெட் படகு 200 மைலைத் தாண்டிய நிலையில் சிதறி இறந்தார். ஜெட் படகு என்றாலே பயப்பட வேண்டிய காலம். அந்தச் சூழலில்தான் கென் நாரிஸ், லூ நாரிஸ் என்ற சகோதரர்கள் டொனால்டுக்காகக் கே7-ஐ வரைந்தார்கள். லங்காஷயரில் உள்ள சாம்ல்ஸ்பரி எஞ்சினியரிங் அதைக் கட்டியது. 'கே' என்பது லாயிட்ஸ் என்ற கப்பல் பதிவு நிறுவனத்தின் பதிவில் வரம்பில்லாத வேகப் பிரிவைக் குறிக்கும் எழுத்து.

நீளம் ஏறத்தாழ 8 மீட்டர், எடை இரண்டரை டன். உள்ளே உயர்வலிமை எஃகுக் குழாய்களால் ஆன சட்டகம், வெளியே பர்மாபிரைட் என்ற அலுமினிய–மெக்னீசியக் கலவைத் தகடு. பழைய லேண்ட் ரோவர் வண்டிகளின் உடலும் இதே உலோகம்தான். துருப்பிடிக்காது, தட்டினால் வளையும். ஐம்பது ஆண்டு கழித்து இந்தப் படகைக் காப்பாற்றியது பெரிய அளவில் இந்தத் தகடுதான்.

முன்னால் இருபுறமும் கை நீட்டியதுபோல இரண்டு மிதவைகள், பின்னால் உடலின் அடிப்பகுதி. வேகம் எடுத்ததும் படகு எழும்பி இந்த மூன்று இடங்களில் மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு ஓடும், மற்றதெல்லாம் காற்றில். தண்ணீரின் இழுப்பு குறைவதால்தான் அந்த வேகம் கிடைக்கிறது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. காற்றில் நிற்கும் உடல் ஓர் இறக்கை மாதிரி. மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தாலும் அடியில் காற்று புகுந்து தூக்கப் பார்க்கும்.

எஞ்சின், மெட்ரோபொலிடன்-விக்கர்ஸ் நிறுவனத்தின் பெரில். தண்ணீரிலிருந்து எழும் ஒரு ஜெட் போர் விமானத்துக்காக உருவான எஞ்சின் அது. 3,500 பவுண்டு உந்துவிசை. நாரிஸ் சகோதரர்கள் போட்ட சமநிலைக் கணக்கு, காற்றுக் குழாயின் அளவு, எரிபொருள் வழி எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான்.

ஏழு சாதனைகள்

1955-ன் தொடக்கச் சோதனைகளில் கே7 தண்ணீரை விட்டு எழும்பவே மறுத்தது. முன்பகுதி தண்ணீரில் அழுந்தி, தெறித்த நீர் எஞ்சினுக்குள் புகுந்தது. மிதவைகளைத் தாங்கும் முன் குறுக்குச் சட்டத்தை உயர்த்தி, நீர்த்தடுப்புகள் வைத்துச் சரிசெய்தார்கள். தந்தையிடமும் மகனிடமும் வேலை பார்த்த தலைமை மெக்கானிக் லியோ வில்லா இந்த வேலைகளின் நடுவில் இருந்தார். ஒரு படகின் குணத்தைக் காகிதத்தில் பாதிதான் தெரிந்துகொள்ள முடியும். மீதியைத் தண்ணீரில் இறக்கித்தான் கற்க வேண்டியிருந்தது.

1955 ஜூலை 23-ல் அல்ஸ்வாட்டர் ஏரியில் மணிக்கு 202.32 மைல். அதிகாரபூர்வமாக 200-ஐத் தாண்டிய முதல் சாதனை. அதே ஆண்டு அமெரிக்காவின் லேக் மீடில், வேடிக்கை பார்க்க வந்த படகுகள் கிளப்பிய அலையில் தண்ணீர் புகுந்து கே7 மூழ்கியது. தூக்கியெடுத்து, உலர்த்தி, நவம்பர் 16-ல் 216.20 மைல் ஓட்டினார்கள். 1956 முதல் 1959 வரை கொனிஸ்டனில் நான்கு சாதனைகள்: 225.63, 239.07, 248.62, 260.35. கடைசியாக 1964 டிசம்பர் 31-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் டம்பிளியங் ஏரியில் 276.33 மைல். அதே ஆண்டு ஜூலையில் கேம்பல் தரையிலும் மணிக்கு 403.10 மைல் ஓட்டிச் சாதனை படைத்திருந்தார். ஒரே ஆண்டில் இரண்டையும் செய்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

இந்த ஏழும் பெரில் எஞ்சினோடு வந்தவை. ஒவ்வொரு முறையும் வேகம் சிறுகச் சிறுகத்தான் ஏறியது. கடைசி மூன்று சாதனைகளைப் பாருங்கள்: 1958-லிருந்து 1959-க்கு 12 மைல் கூடியது, அதற்கு மேல் 16 மைல் கூட ஐந்தரை ஆண்டு ஆனது. பழைய எஞ்சின் தன் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

1966: ஆர்ஃபியஸ் வருகிறது

கேம்பலின் அடுத்த கனவு ஒலியின் வேகத்தைத் தாண்டும் ராக்கெட் கார். அதற்குப் பணம் திரட்ட மக்களின் கவனம் வேண்டும். தண்ணீரில் 300 மைலைத் தாண்டிக் காட்டினால் அந்தக் கவனம் கிடைக்கும். 11 வயதான கே7-ஐ மறுபடி எடுத்தார்கள். இம்முறை பிரிஸ்டல் சிட்லி ஆர்ஃபியஸ் எஞ்சின், 4,500 பவுண்டு உந்துவிசை.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்த எஞ்சின் அந்நியமில்லை. ஃபாலண்டு நாட் என்ற சிறு போர் விமானத்தின் எஞ்சின் இது. அந்த நாட் விமானத்தையும் ஆர்ஃபியஸ் எஞ்சினையும் பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (ஹெச்.ஏ.எல்.) உரிமம் பெற்றுத் தயாரித்தது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்கொண்ட இந்திய விமானப்படையின் நாட் இதுதான். அந்தச் சின்ன விமானத்தில் எதையும் சுமையாக வைக்க இடமில்லை. அதனால் எஞ்சினும் எளிமையாக, எடை குறைவாக, அதன் அளவுக்கு மீறிய வலுவோடு வடிவமைக்கப்பட்டிருந்தது. உதிரி பாகங்களுக்காகக் கேம்பல் பறக்கத் தகுதியிழந்த ஒரு நாட் விமானத்தையே வாங்கினார். அதன் செங்குத்து வால் துடுப்புதான் படகின் வாலிலும் ஏறியது. ஏரியிலிருந்து எழுந்தபோது கொடியோடு தெரிந்தது அந்தத் துடுப்புதான்.

காகிதத்தில் பார்த்தால் இது அருமையான மாற்றம். உந்துவிசை ஏறத்தாழ 29 விழுக்காடு கூடுதல், எஞ்சினோ பெரிலை விட எடை குறைவு. எஞ்சின் மாற்றுபவர் வேறென்ன கேட்பார்? ஆனால் நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

முதல் அடி காற்றுக் குழாயில் விழுந்தது. 1966 நவம்பரில் படகை நிறுத்தி வைத்தே எஞ்சினை ஓட்டிச் சோதித்தார்கள். பெரிலுக்காகச் செய்த காற்று வாய்களும் குழாய்களும் அப்படியே இருந்தன. ஆர்ஃபியஸ் இழுத்த காற்றின் வேகத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, சுவர் உள்ளே மடிந்தது. பிய்ந்த துண்டுகள், காற்றை அழுத்தும் கம்ப்ரெசரின் சுழலும் இலைகளுக்குள் போயின. எஞ்சின் பாழ். வாங்கி வைத்திருந்த நாட் விமானத்தின் எஞ்சினைக் கழற்றிப் பொருத்தினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். எஞ்சின் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் குதிரைத்திறனையும் உந்துவிசையையும் பற்றித்தான் பேசுவார்கள். அது உள்ளே இழுக்கும் காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவில் பலமாக உறிஞ்சினால் அது ஒட்டிக்கொள்கிறதல்லவா, அதேதான் இங்கே நடந்தது. பழைய குழாய் பத்தாண்டு நன்றாக உழைத்தது என்பதால் அது நல்ல குழாய் என்று நம்பத் தோன்றும். பெரிலுக்கு அது நல்ல குழாய்தான். சாதாரணப் பழைய படகிலும் இதையே பார்க்கலாம். அறுபதுகளின் சிறு எஞ்சினை எடுத்துவிட்டுப் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய வி8 எஞ்சின் வைத்தால், மூடியின் கீழே காற்று நுழையும் ஓட்டைகள் அதே சின்ன ஓட்டைகளாக இருக்கும். எஞ்சின் மூச்சுத் திணறும், சூடேறும். ஆட்கள் எஞ்சினைத்தான் குறை சொல்வார்கள்.

அடுத்தது எரிபொருள். டிசம்பரில் படகு ஏரியில் ஓடியது, ஆனால் முழு வலு வரவில்லை. புதிய எஞ்சின் கேட்ட அளவுக்கு எரிபொருள் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. கூடுதலாக ஒரு பூஸ்டர் பம்ப் வைத்த பிறகுதான் வேகம் வந்தது. அதுவும் மாத இறுதியில். குளிர்காலம், மோசமான வானிலை, காத்திருந்து காத்திருந்து சலித்துப்போன செய்தியாளர்கள். பணமும் நெருக்கடியில் இருந்தது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத அடி. இதைப் பம்ப் வைத்துத் தீர்க்க முடியாது. எடை குறைந்த எஞ்சின் வந்ததும் படகின் எடை மையம் இடம் மாறியது. அதைவிடப் பெரியது வேகத்தின் கணக்கு. காற்று தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. படகு அதே கோணத்தில் ஓடினாலும், 276 மைலில் காற்று தூக்கிய விசை 328 மைலில் 1.4 மடங்காகும். 1955-ன் முதல் சாதனை வேகத்தோடு ஒப்பிட்டால் 2.6 மடங்கு. படகின் எடையோ அதே இரண்டரை டன்தான், புது எஞ்சினால் இன்னும் கொஞ்சம் குறைவு. மூக்கு நிமிர்ந்துவிடாமல் தடுக்க இருந்த இடைவெளி வேகம் கூடக் கூடச் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்த இடைவெளியைத் தின்னும் வலுவைத்தான் புதிய எஞ்சின் கொடுத்தது.

1967 ஜனவரி 4

சாதனைக்கு ஒரு விதி உண்டு. அளந்த ஒரு கிலோமீட்டரை எதிரெதிர்த் திசைகளில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை ஓட வேண்டும், சராசரிதான் கணக்கு. முதல் ஓட்டத்தில் மணிக்கு 297.6 மைல். ஒரு கிலோமீட்டரைக் கேம்பல் ஏழரை விநாடியில் கடந்தார். சராசரி 300-ஐத் தொட, திரும்பும் ஓட்டத்தில் 302.4 மைலுக்கு மேல் வேண்டும்.

வழக்கமாக ஓட்டங்களுக்கு நடுவே எரிபொருள் நிரப்புவார்கள், ஏரியில் எழுந்த அலையும் அதற்குள் அடங்கும். அன்று அவர் நிறுத்தாமல் உடனே திரும்பினார். 328 மைல் வரை ஏறிய வேகத்தில் படகு குலுங்கியது, மூக்கு நிமிர்ந்தது, முழு உடலும் காற்றில் எழுந்து பின்னோக்கிக் கவிழ்ந்து தண்ணீரில் மோதியது. எல்லாம் சில விநாடிகளில். அவர் எப்போதும் கூட வைத்திருக்கும் சிறு கரடிப் பொம்மை மிதந்து வந்தது. அவர் உடல் அன்று கிடைக்கவில்லை.

காரணம் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. முதல் ஓட்டத்தின் அலை அடங்காதது ஒரு காரணம் என்பார்கள். எஞ்சின் வலு குறைந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அது எஞ்சின் மாற்றத்தோடு நேரடியாகச் சேர்ந்தது. இந்த வகைப் படகில் ஜெட் தள்ளும் கோடு மேலே இருக்கிறது, தண்ணீர் இழுக்கும் இடம் கீழே. ஆகவே எஞ்சின் தள்ளிக்கொண்டிருக்கும் வரை அது மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டும் இருக்கும். தள்ளுவது நின்றால் அந்த அழுத்தமும் போய்விடும். கூடுதல் வலுவை நம்பிக் கூடுதல் வேகத்துக்குப் போன படகு, அந்த வேகத்தில் வலுவை இழந்தால் முன்பைவிட மோசமான நிலையில் நிற்கும். எரிபொருள் தீர்ந்துபோய்த்தான் எஞ்சின் நின்றது என்று பல காலம் பேசினார்கள். 2001-ல் படகைத் தூக்கியபோது எஞ்சினின் குழாய்களில் எரிபொருள் இருந்தது. அந்த ஊகம் அங்கே பலவீனமானது.

என் பார்வையில், ஒற்றைக் காரணத்தைத் தேடுவதில் பயன் குறைவு. வலிமையான அலை, குறைந்த உந்துவிசை, கொஞ்சம் காற்று – எது வந்திருந்தாலும், 240 மைலில் ஓடும் படகு அதைத் தாங்கியிருக்கும். 328 மைலில் தாங்குவதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

தண்ணீருக்கடியில்

வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைடைச் சேர்ந்த பில் ஸ்மித் என்ற மூழ்காளர்தான் தன் குழுவோடு தேடி இந்தப் படகைக் கண்டுபிடித்தார். 2001 மே 28-ல் கேம்பலின் உடலும் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 12-ல் கொனிஸ்டன் ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். 34 ஆண்டுக்குப் பிறகு அவர் மகள் ஜீனாவுக்குக் கல்லறை என்று ஓர் இடம் கிடைத்தது. படகைத் தூக்கலாமா, அப்படியே விடலாமா என்ற கேள்வியில் கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு மகள் தந்தையை முறையாக அடக்கம் செய்ய முடிந்தது என்பதால் தூக்கியது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஏரியின் தண்ணீர் நன்னீர் என்பதும், ஆழத்தில் குளிரும் இருட்டும் இருந்ததும் படகுக்கு நல்லதாயிற்று. கடலாக இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. பர்மாபிரைட் தகடுகள் நசுங்கிக் கிழிந்திருந்தாலும் உலோகமாகவே இருந்தன. எஞ்சினின் கதை வேறு. ஆர்ஃபியஸின் எடையைக் குறைக்க அதன் வெளிக்கூட்டில் மெக்னீசியக் கலவையைப் பயன்படுத்தியிருந்தார்கள். மெக்னீசியம் தண்ணீரில் எஃகோடு சேர்ந்து கிடந்தால் மின்கலம்போல ஆகி, எஃகைக் காப்பாற்றிவிட்டுத் தான் அரிக்கப்பட்டுப் போகும். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளை வேண்டுமென்றே பலிகொடுப்பது இதே தத்துவத்தில்தான். இங்கே யாரும் கேட்காமல் எஞ்சினின் கூடு பலியானது. கூடு கரைந்துபோய், உள்ளே இருந்த கம்ப்ரெசர் இலைகள் வெளியே தெரிந்தன. எடை குறைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த உலோகம்தான் முதலில் போனது.

பழைய தகடா, புதுத் தகடா

மீட்பில் முதல் பெரிய கேள்வி பணமோ எஞ்சினோ இல்லை. இந்தச் சிதைவை என்ன செய்வது என்பதுதான். கண்ணாடிப் பெட்டியில் சிதைவாகவே வைக்கலாம், விபத்தும் அதன் வரலாறுதானே. இல்லாவிட்டால் அளவெடுத்துப் புதிதாக ஒன்று கட்டலாம், வேலை சுலபம். குழு தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: மூலத் தகட்டில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் நிமிர்த்தித் திரும்பப் பொருத்தி, ஓடும் படகாக்குவது. பொது நிதியிலிருந்து உதவி கேட்டபோது தேசிய லாட்டரியின் பாரம்பரிய நிதி அமைப்பு மறுத்துவிட்டது. அதன் பிறகு தன்னார்வலர்களும் நன்கொடைகளும்தான். டைன்சைடின் நார்த் ஷீல்ட்ஸில் இருந்த பட்டறையில் இந்த வேலை பத்தாண்டுக்கு மேல் இழுத்தது.

தகடு வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இந்த முடிவின் கனம் புரியும். நசுங்கிய அலுமினியத் தகட்டை நிமிர்த்துவது புதுத் தகடு வெட்டுவதைவிடப் பல மடங்கு நேரம் கேட்கும். அடி வாங்கிய உலோகம் இறுகியிருக்கும். அப்படியே சுத்தியல் போட்டால் வெடிக்கும். சூடு காட்டி இளக்க வேண்டும், ஆனால் அலுமினியம் இரும்பைப்போல் சிவக்காது. சூடு போதுமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்போது திடீரென உருகிவிடும். அதற்குப் பட்டறைகளில் ஒரு பழைய வழி உண்டு. தகட்டின் மேல் சோப்புக் கட்டியால் கோடு இழுத்துவிட்டுச் சுடர் காட்டுவார்கள். கோடு கருத்தால் சூடு போதும், நிறுத்திவிடலாம். பிறகு மெல்லத் தட்டி, உருளைகளுக்கு நடுவே விட்டு, நீண்டுபோன இடத்தைச் சுருக்கி, பழைய ரிவெட் ஓட்டைகள் சட்டகத்தின் ஓட்டைகளோடு பொருந்தும் வரை திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஓர் ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் அடுத்த தகடு உட்காராது. இதைப் பல்லாயிரம் மணி நேரம் கூலியில்லாமல் செய்தவர்களுக்கு என் மனமார்ந்த மரியாதை உண்டு.

எஃகுச் சட்டகத்தில் இவ்வளவு தாட்சண்யம் காட்ட முடியாது. ஓடும் படகில் உயிர் தாங்குவது அதுதான். துருவேறிய, வளைந்த குழாய்களை நம்பி ஒருவரை உட்கார வைக்க முடியாது. விபத்தில் பிய்ந்த முன்பகுதியில், ஓட்டுநர் இருக்கும் இடமும் மிதவைகளும் பெரும்பாலும் புதிதாகத்தான் உருவாக வேண்டியிருந்தன. ஆக, பின் உடலில் 1955-ன் உலோகம், முன்னால் இந்த நூற்றாண்டின் உலோகம். இதைச் சிலர் குறையாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லேக் மீடில் மூழ்கி எழுந்தது, சட்டம் உயர்த்தியது, வால் துடுப்பு மாறியது, எஞ்சின் மாறியது – இந்தப் படகு எந்த ஆண்டிலும் 'மூல நிலையில்' இருந்ததே இல்லை. அப்படியானால் எந்த ஆண்டின் படகாக மீட்பது என்று கேட்டால், 1967 ஜனவரி 4 காலையில் அது இருந்த நிலைக்கு என்பதே குழுவின் பதில். அதனால்தான் எஞ்சினும் ஆர்ஃபியஸாகவே இருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது எஞ்சின் மாற்றம்

மூல எஞ்சின் ஓடாது என்பது தெளிவு. ஆனால் மீட்புக் குழுவுக்கு ஒரு வசதி இருந்தது. அதே வகை ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் ஓய்வுபெற்ற நாட் விமானங்களிலிருந்து இன்னும் கிடைத்தன. பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு முதலில் பறந்ததும் நாட் விமானங்களில்தான், ஆகவே அந்த எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பழைய படகுக்கு எஞ்சின் தேடும்போது, வலுவைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். உதிரி பாகம் கிடைக்குமா, அதைத் தெரிந்த கை இருக்கிறதா என்று.

இன்னொரு வேறுபாடு, நோக்கம். கேம்பல் ஆர்ஃபியஸிடம் கேட்டது முழு வலு. மீட்புக் குழு கேட்டது படகு தண்ணீரை விட்டு எழும்பி ஓடும் அளவுக்கு மட்டும். அதே எஞ்சின், அதே உடல்தான். ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று தூக்கும் விசை கால்வாசியாகிவிடும். 1966-ல் சுருங்கிப்போன இடைவெளி முழுவதும் திரும்பக் கிடைத்தது. வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டுக்கொண்டதுதான் இந்த மீட்பிலேயே சிறந்த பொறியியல் முடிவு என்பேன்.

லாக் ஃபேட், 2018

கொனிஸ்டன் ஏரியில் வேகக் கட்டுப்பாடு மணிக்கு 10 மைல். ஆண்டுதோறும் நடக்கும் சாதனை வாரம் போன்ற சில நாள்களுக்குத்தான் விலக்கு. முதல் சோதனையைப் பார்வையாளர் நெரிசலில் செய்யவும் முடியாது. ஆகவே ஸ்காட்லாந்தின் பியூட் தீவில் இருக்கும் லாக் ஃபேட் என்ற சின்ன ஏரிக்குக் கொண்டுபோனார்கள். 2018 ஆகஸ்டில், 51 ஆண்டுக்குப் பிறகு, கே7 தண்ணீரில் மிதந்தது. டெட் வால்ஷ் ஓட்டினார்.

முதலில் மெதுவாக, மிதக்கிறதா, திரும்புகிறதா என்று மட்டும். அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல். பின்னால் வெண்ணீர்த் தூண் எழ, மூன்று புள்ளிகளில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு அது எழும்பி ஓடியபோது, 1955-ல் நாரிஸ் சகோதரர்களைத் திணற வைத்த அதே கட்டத்தைத் தாண்டியது. மணிக்கு 150 மைல் அளவுக்குத் தொட்டார்கள். அதன் முதல் சாதனை வேகத்தில் முக்கால் பங்குதான். ஆனால் கருப்பு–வெள்ளைப் படச்சுருளில் மட்டும் பார்த்திருந்த ஒரு பொருளை, அதன் சத்தத்தோடு நேரில் கேட்க முடிந்தது. ஆர்ஃபியஸின் கீச்சொலி எந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்தும் வராது.

யாருடைய படகு

2006 டிசம்பரில் கேம்பல் குடும்ப அறக்கட்டளை படகைக் கொனிஸ்டனில் உள்ள ரஸ்கின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தது. அங்கே அதற்கென்று ஒரு தனிப் பகுதியே கட்டினார்கள். ஆனால் 2018-க்குப் பிறகு படகு டைன்சைடிலேயே இருந்தது. புதிதாகச் செய்த பாகங்கள் யாருக்குச் சொந்தம், யார் ஓட்டுவது, எப்போது ஓட்டுவது என்று அருங்காட்சியகத்துக்கும் மீட்புக் குழுவுக்கும் இடையே சச்சரவு முற்றி வழக்கறிஞர்களிடம் போனது. இரண்டு பக்கமும் இந்தப் படகை நேசித்தவர்கள்தான், அதனால் இது எனக்கு வருத்தம் தந்த அத்தியாயம். யாருக்கோ சொந்தமான பழைய படகில் உங்கள் உழைப்பையும் புதிய உலோகத்தையும் போடப் போகிறீர்கள் என்றால், முதல் ரிவெட்டைக் கழற்றுவதற்கு முன் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். புது மிதவை பழைய உடலில் ஏறிய பிறகு, எது யாருடையது என்று பிரிக்க எந்தச் சுத்தியலாலும் முடியாது.

வழக்கு தீர்ப்புவரை போகாமல் சமரசத்தில் முடிந்தது. 2024 மார்ச் 9-ல், ஒரு லாரியின் மேல், திறந்த நிலையில், கே7 கொனிஸ்டன் ஊருக்குள் வந்தது. ஏரியிலிருந்து அதைத் தூக்கி 23 ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருந்தன. தெருவில் மக்கள் கூடி நின்றார்கள். அதை ஓட்டியவர் அடக்கமாகியிருக்கும் அதே ஊரின் அருங்காட்சியகத்துக்குள், வால் துடுப்பில் கொடியோடு, படகு உள்ளே போனது.